முகமூடி போட்ட கௌபாய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க கௌபாய் காமிக்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே, முகமூடியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வருகிறவர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நான் பல வருடமாக இந்தக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறவன். இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விஷயம்: திருடன் போடுகிற முகமூடியை நல்லவன் எடுத்துப் போட்டுக்கொள்கிறான். அதனால் அவன் யாரைக் காப்பாற்ற வருகிறானோ அவர்களே அவனைப் பார்த்து முதலில் நடுங்குகிறார்கள். கீழே உள்ள பதில்களில் இந்தச் சங்கதி அடிக்கடி தலைகாட்டும்.

யார் யாரை இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்?

லோன் ரேஞ்சர், மாஸ்க்டு ரைடர், விஜிலான்டி, பிளாக் ரைடர், நைட்ஹாக், டுராங்கோ கிட், ரெட் மாஸ்க், பழைய கோஸ்ட் ரைடர், அவுட்லா கிட், 1962க்குப் பிறகு வந்த டூ-கன் கிட், எல் டயாப்லோ. இன்னும் பலர் உண்டு, ஆனால் இவர்களைத் தெரிந்துகொண்டால் மற்றவர்களை எளிதில் பிடித்துவிடலாம். கிட் கோல்ட், ராஹைட் கிட், ஜோனா ஹெக்ஸ் ஆகியோரும் புகழ்பெற்ற துப்பாக்கிக்காரர்கள்தான், ஆனால் முகமூடி கிடையாது.

நிஜமான மேற்கு அமெரிக்காவில் யாராவது முகமூடி போட்டுத் திரிந்தார்களா?

திரிந்தார்கள். ஆனால் அநேகமாகத் தப்பான காரியத்துக்குத்தான்.

கௌபாய் கழுத்தில் கட்டியிருக்கும் துணி முதலில் தூசிக்காக வந்தது. ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது மந்தையின் கடைசியில் வருகிறவனுக்கு மூச்சுவிட முடியாத அளவு புழுதி. அந்தத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டால்தான் பிழைப்பான். அதே துணியை அதேபோல இழுத்துவிட்டுக்கொண்டு வங்கிக்குள் நுழைந்தால் கொள்ளைக்காரன். துணி ஒன்றுதான், நுழைகிற இடம்தான் வேறு.

எனக்கு இதில் மறக்க முடியாத ஆள் ‘பிளாக் பார்ட்’. நிஜப் பெயர் சார்லஸ் போல்ஸ். 1875 முதல் 1883 வரை கலிபோர்னியா, ஆரிகன் பக்கம் வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் கோச் வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவர். தலையில் மாவு மூட்டைச் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. குதிரை கிடையாது, நடந்தே வருவார், மரியாதையாகப் பேசுவார். இரண்டு இடங்களில் கவிதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசிக் கொள்ளையில் அடிபட்டு ஓடும்போது கைக்குட்டையைத் தவறவிட்டார். அதன் ஓரத்தில் சலவைக்காரர் போட்ட குறி இருந்தது. துப்பறிவாளர்கள் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவின் சலவைக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். ஏறக்குறைய 90 கடைகள். ஒரு கடையில் குறி பொருந்தியது. அந்த முகவரியில் இருந்தவர் ஊரில் மதிப்பான, நன்றாக உடுத்துகிற ஒரு பெரிய மனிதர்.

முகமூடிக்குப் பின்னால் ஊர் மதிக்கும் ஆள் ஒருவர். பின்னால் வந்த காமிக்ஸ் நாயகர்களின் அமைப்பு அப்படியே இதில் இருக்கிறது, தலைகீழாக.

இதைவிடக் கொடூரமானவையும் உண்டு. மிசௌரி மாநிலத்தில் 1880களில் ‘பால்ட் நாபர்ஸ்’ என்ற கும்பல், நீதி வழங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு மக்களை அடித்தது, கொன்றது. அதில் ஒரு பிரிவினர் கொம்பு வைத்த கறுப்பு முகமூடி போட்டிருந்தார்கள். தெற்கில் கறுப்பின மக்களை இரவில் தாக்கிய முகமூடிக் கும்பல்களையும் இங்கே மறக்கக் கூடாது. அந்த மண்ணில் முகமூடிக்குப் பயந்தவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது.

அப்படியானால் நல்லவனுக்கு முகமூடி போடும் யோசனை எங்கிருந்து வந்தது?

காமிக்ஸுக்கு முன்பே வந்துவிட்டது. 1919இல் ஜான்ஸ்டன் மெக்கல்லி என்ற எழுத்தாளர் ஒரு மலிவு விலைக் கதை இதழில் ஸோரோவை உருவாக்கினார். ஸ்பானிய ஆட்சிக்கால கலிபோர்னியாவில் பகலில் சோம்பேறிப் பிரபு, இரவில் கறுப்பு முகமூடியோடு ஏழைகளுக்காக வாள் சுழற்றுகிறவன். துப்பாக்கியைவிட வாளும் சாட்டையும்தான் அவன் ஆயுதம் என்பதால் இந்தப் பட்டியலில் நேரடியாகச் சேரமாட்டான். ஆனால் பின்னால் வந்த எல்லோருக்கும் அண்ணன் முறை.

அடுத்தவர் லோன் ரேஞ்சர். 1933 ஜனவரியில் டெட்ராயிட்டின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். வானொலியில் தொடங்கினார். நிலைய உரிமையாளர் ஜார்ஜ் டிரெண்டில், எழுதியவர் ஃபிரான் ஸ்டிரைக்கர். யோசித்துப் பாருங்கள், முகமூடி நாயகனில் மிகப் புகழ்பெற்றவர் பிறந்தது முகமே தெரியாத ரேடியோவில். கதையில் யாராவது “அந்த முகமூடி மனிதர் யார்?” என்று கேட்டால்தான் நமக்கு முகமூடி இருப்பதே ஞாபகம் வரும். அதைக் கண்ணால் பார்க்கும் பொருளாக ஆக்கியது படக்கதையும் சினிமாவும்தான்.

லோன் ரேஞ்சர் ஏன் முகமூடி போடுகிறார்?

கதை இப்படிப் போகிறது. டெக்ஸாஸ் மாநிலக் காவல் படையான ரேஞ்சர்களில் ஆறு பேர் புச் கேவென்டிஷ் என்ற கொள்ளைக்காரனைத் துரத்திக்கொண்டு ஒரு கணவாய்க்குள் போகிறார்கள். அங்கே பதுங்கியிருந்த கும்பல் எல்லோரையும் சுட்டுத் தள்ளுகிறது. ஒருவர் மட்டும் குற்றுயிராகக் கிடக்கிறார். அவரை டோன்டோ என்ற பூர்வகுடி இளைஞர் கண்டெடுத்துக் காப்பாற்றுகிறார். செத்தவர்கள் ஐந்து பேர், ஆனால் டோன்டோ ஆறு குழிகளை மூடி அடையாளம் வைக்கிறார். திரும்பி வந்து பார்க்கும் கேவென்டிஷ் ஆறு பேரும் போய்விட்டார்கள் என்று நம்ப வேண்டுமே, அதற்காக.

பிழைத்தவரின் அண்ணன் டான் ரீட் அந்த ஐவரில் ஒருவர். இறந்துபோன அண்ணனின் கறுப்பு மேல்சட்டையிலிருந்து வெட்டிய துணிதான் அந்த முகமூடி. அதாவது அது ஒளிந்துகொள்ள மட்டும் இல்லை, துக்கத் துணியும்கூட. இதை ஒருமுறை தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கறுப்புப் பட்டையை என்னால் வேடிக்கையான வேஷமாகப் பார்க்க முடிந்ததில்லை.

வெள்ளித் தோட்டா எதற்கு?

வெள்ளி விலை உயர்ந்தது, உயிரும் அப்படித்தான், கண்டபடி சுட்டு வீணாக்கக் கூடாது என்று தனக்குத் தானே நினைவூட்டிக்கொள்ள. லோன் ரேஞ்சர் கொல்வதற்காகச் சுடுவதில்லை. எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கியைத்தான் தட்டிவிடுவார்.

ஆனால் காமிக்ஸில் அந்தத் தோட்டா இன்னொரு வேலையும் செய்கிறது. முகமூடியோடு ஒரு பண்ணை வீட்டுக்குள்ளோ ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீப்பின் அறைக்குள்ளோ நுழைகிறார். உள்ளே இருப்பவர் கை துப்பாக்கிக்குப் போகிறது. ரேஞ்சர் ஒன்றும் பேசாமல் ஒரு வெள்ளித் தோட்டாவை எடுத்து நீட்டுகிறார். எதிரே இருப்பவர் முகம் மாறுகிறது. இந்தக் காட்சி எத்தனை இதழ்களில் வந்திருக்கிறது என்று எண்ணி முடியாது, எனக்கு இன்னும் சலிக்கவில்லை. முகத்தைக் காட்ட முடியாதவன் தன்னை நிரூபிக்க வேறு என்ன செய்வான்? நம்மூரில் முத்திரை மோதிரத்தை நீட்டிக் காட்டுவது மாதிரி.

லோன் ரேஞ்சர் நிஜமாகவே பாஸ் ரீவ்ஸ் என்ற கறுப்பின அதிகாரியின் கதையா?

இணையத்தில் இதை உறுதியான செய்தியாகவே பகிர்கிறார்கள். பாஸ் ரீவ்ஸ் நிஜ மனிதர். 1838இல் அடிமையாகப் பிறந்தவர். 1875 முதல் ஆர்கன்சாஸின் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்தின் கீழ் துணை மார்ஷலாக வேலை பார்த்தவர், குற்றவாளிகளைப் பிடிப்பதில் பேர் வாங்கியவர். ஆனால் டிரெண்டிலோ ஸ்டிரைக்கரோ அவரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதற்கு ஆவணம் எதுவும் கிடைத்ததில்லை. என்னைக் கேட்டால், ரீவ்ஸின் வாழ்க்கையைப் பெருமையாகச் சொல்ல லோன் ரேஞ்சரின் துணை தேவையே இல்லை. அதைத் தனியாகவே படிக்க வேண்டும்.

காமிக்ஸில் லோன் ரேஞ்சர் எப்போது வந்தார்?

1938இல் கிங் ஃபீச்சர்ஸ் மூலம் செய்தித்தாள் படத்தொடராக. அடுத்த ஆண்டு சார்லஸ் ஃபிளாண்டர்ஸ் அதை வரைய எடுத்துக்கொண்டார், தொடர் 1971 வரை ஓடியது. தனி மாத இதழ் 1948இல் டெல் நிறுவனத்திலிருந்து வந்தது. முதலில் செய்தித்தாள் தொடரையே மறுபடி அச்சிட்டார்கள். பிறகுதான் பால் எஸ். நியூமன் எழுத, டாம் கில் வரைய, புதுக் கதைகள். 1962 வரை மொத்தம் 145 இதழ்கள். இடையில் டோன்டோவுக்கும் ஒரு தனி இதழ், ரேஞ்சரின் குதிரை சில்வருக்கும் ஒரு தனி இதழ். குதிரைக்கு நண்பரைவிட அதிக இதழ்!

டாம் கில்லின் குதிரைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஓடும்போது கழுத்து நீள்வது, சரிவில் இறங்கும்போது பின்னங்கால் மடங்குவது எல்லாம் சரியாக இருக்கும். தொடக்க கால அட்டைகளில் ரேஞ்சருக்குச் சிவப்புச் சட்டை. தொலைக்காட்சித் தொடர் 1949இல் வந்து பிரபலமான பிறகு நடிகர் கிளேட்டன் மூரின் உடைக்கு ஏற்ப மாறியது.

காமிக்ஸ் புத்தகத்துக்காகவே பிறந்த முதல் முகமூடி கௌபாய் யார்?

‘முதல்’ என்று அடித்துச் சொல்ல நான் தயங்குவேன், ஆனால் மிகப் பழையவர்களில் ஒருவர் மாஸ்க்டு ரைடர். ஆல் ஆண்டர்ஸ் வரைந்தது. 1939 அக்டோபர் தேதியிட்ட ‘மார்வெல் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்தார். ஹியூமன் டார்ச்சும் சப்-மரைனரும் அறிமுகமான அதே இதழ். இன்றைய மார்வெல் என்ற ஆலமரத்தின் விதை போட்ட நாளிலேயே ஒரு முகமூடி கௌபாயும் கூட இருந்திருக்கிறார், ஆனால் அவரை யாரும் நினைப்பதில்லை.

1941 நவம்பரில் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 42ஆம் இதழில் விஜிலான்டி வந்தார். மார்ட் வைசிங்கர் எழுதியது, மார்ட் மெஸ்கின் வரைந்தது. இவர் பழங்காலத்துக்காரர் இல்லை. வானொலியில் பாடும் கௌபாய் பாடகர், மூக்கை மறைக்கச் சிவப்புத் துணி, குதிரைக்குப் பதில் மோட்டார் சைக்கிள். மெஸ்கினின் இருட்டும் வெளிச்சமும் அந்தக் காலத்தில் வேறு யாரிடமும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்பது என் கருத்து.

1948ஐ ஒட்டி ஏன் திடீரென்று இத்தனை பேர் வந்தார்கள்?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சூப்பர் ஹீரோ மவுசு இறங்கியது. திரையரங்குகளில் கௌபாய் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பதிப்பாளர்கள் அப்படியே குதிரை ஏறினார்கள். ‘ஆல் வின்னர்ஸ்’ என்ற சூப்பர் ஹீரோ இதழ் ‘ஆல் வெஸ்டர்ன் வின்னர்ஸ்’ ஆனது. ‘ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ்’ 103ஆம் இதழிலிருந்து ‘ஆல்-அமெரிக்கன் வெஸ்டர்ன்’. சூப்பர் ஹீரோக்கள் கூட்டணி அமைத்த ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’கூட 1951இல் ‘ஆல் ஸ்டார் வெஸ்டர்ன்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கதை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய மாற்றமாக இருந்திருக்காது. இரட்டை வாழ்க்கை, ரகசிய அடையாளம், விசுவாசமான துணை, எல்லாம் கையில் தயார். பறக்கிறவனை இறக்கிக் குதிரையில் உட்கார வைத்தால் போதும். முகமூடி கௌபாய் என்பவன் பாதி சூப்பர் ஹீரோ என்று இதனால்தான் சொல்கிறேன்.

இவர்கள் முகமூடி இல்லாதபோது டாக்டர், வக்கீல், வாத்தியார் என்றே இருப்பது ஏன்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

பட்டியலைப் பாருங்கள். பிளாக் ரைடர், 1948, பகலில் டாக்டர் மேத்யூ மாஸ்டர்ஸ். நைட்ஹாக், அதே ஆண்டு, ஊர் ஊராகப் போய் ரிப்பேர் வேலை செய்யும் ஹானிபல் ஹாக்ஸ். டூ-கன் கிட், 1962, வக்கீல் மேட் ஹாக். 1967இன் கோஸ்ட் ரைடர், பள்ளி ஆசிரியர் கார்ட்டர் ஸ்லேட். எல் டயாப்லோ, 1970, வங்கி ஊழியர் லாசரஸ் லேன். முகமூடி போடாமல் தலைமுடி நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு சண்டைக்குப் போகும் ஜானி தண்டரும் வாத்தியார்தான். அவரை 1948இல் ராபர்ட் கானிகர் எழுத அலெக்ஸ் டோத் வரைந்தார்.

இந்தத் தொழில்களில் இருப்பவர் மேல் ஊருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. டாக்டர் துப்பாக்கி எடுத்தால் அந்த நம்பிக்கை போய்விடும். காயத்துக்குக் கட்டுப் போடுகிற கை, சுடுகிற கையாக இருக்கக் கூடாது. ஆகவே அதை மறைக்க வேண்டியிருக்கிறது. லோன் ரேஞ்சர் எதிரிகளிடமிருந்து ஒளிகிறார் என்றால், இவர்கள் வேண்டியவர்களிடமிருந்து ஒளிகிறார்கள். அதனால்தான் இந்தக் கதைகளில் சண்டைக்குச் சமமாக வீட்டுக் கவலையும் இருக்கிறது.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது 1954இல் அட்லஸ் வெளியிட்ட அவுட்லா கிட். வரைந்தவர் டக் வைல்டி. லான்ஸ் டெம்பிளின் அப்பா ஹூட்டுக்குக் கண் தெரியாது. இனி துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று மகன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். ஆனால் ஊரில் அநியாயம் நடக்கிறது, அவனால் சும்மா இருக்க முடியவில்லை. முகமூடி போட்டுக்கொள்கிறான். பார்வை இல்லாத அப்பாவிடம் மறைக்க முகமூடி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஊரில் யாராவது பார்த்து அப்பா காதில் போட்டுவிட்டால்? அதற்குத்தான். வெளியே போய்ச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்து சாதுவான குரலில் பேசும் மகன், அதைக் கேட்டு நிம்மதியாகும் அப்பா. வைல்டியின் யதார்த்தமான கோடுகளில் இது வரும்போது மனதைப் பிசைகிறது.

டூ-கன் கிட் இரண்டு பேரா?

ஆமாம். 1948இல் வந்தவர் கிளே ஹார்டர், முகமூடி இல்லை. 1962 நவம்பர் தேதியிட்ட 60ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் பேரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றினார்கள். கிழக்கிலிருந்து வந்த வக்கீல் மேட் ஹாக்கை வயதான துப்பாக்கி வீரர் பென் டான்சர் பழக்குகிறார். பழைய கிளே ஹார்டர் வெறும் கதைப் புத்தக நாயகன் என்று அந்தக் கதைக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்கள். பகலில் வக்கீல், இரவில் முகமூடி என்ற ஏற்பாட்டை டேர்டெவில் மூலம் தெரிந்தவர்கள் கவனியுங்கள்: டேர்டெவில் வந்தது 1964இல். இது இரண்டு வருடம் முந்தியது.

ஸ்டான் லீயே ஒருமுறை முகமூடி கௌபாயாக நின்றாராமே?

நின்றார். 1950இல் வந்த ‘பிளாக் ரைடர்’ இதழ் 8இன் அட்டை ஒரு புகைப்படம். கறுப்பு உடை, முகத்தை மறைக்கும் துணியோடு அதில் இருப்பவர் ஸ்டான் லீ.

கோஸ்ட் ரைடர் மோட்டார் சைக்கிள் ஆள்தானே? அவர் எப்படி இங்கே?

எரியும் மண்டையோடு மோட்டார் சைக்கிளில் வருகிறவர் 1972இல்தான் வந்தார். அந்தப் பெயரின் முதல் சொந்தக்காரர் 1949இல் மேகசின் என்டர்பிரைசஸ் வெளியிட்ட ‘டிம் ஹோல்ட்’ 11ஆம் இதழில் வந்த ரெக்ஸ் ஃபியூரி. எழுதியவர் ரே கிராங்க், வரைந்தவர் டிக் ஏயர்ஸ். தனி இதழின் தொடக்க அட்டைகள் சிலவற்றை ஃபிராங்க் ஃபிரசெட்டா வரைந்தார். அவற்றைப் பார்த்தால் போதும், புத்தகத்தை வாங்காமல் இருக்க முடியாது.

அவருக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. எல்லாம் ஏமாற்று வித்தை. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகத்தை முழுதும் மூடிய வெள்ளை, வெள்ளைக் குதிரை. மேலங்கியின் வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் கறுப்பு. இருட்டில் அதைத் திருப்பிப் போர்த்திக்கொண்டால் உடம்பு மறைந்துவிடும், தலை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கொள்ளைக்காரன் அலறிக்கொண்டு உண்மையைக் கக்குவான். ஏயர்ஸ் இந்தக் காட்சிகளை வரையும்போது கட்டம் முழுக்க மை அப்பி, நடுவில் அந்த வெள்ளை முகத்தைக் காகிதமாகவே விட்டுவிடுவார். மலிவான நாலு வண்ண அச்சில், மங்கலான காகிதத்தில், மை படாத இடம்தான் இருப்பதிலேயே பளிச்சென்று தெரியும். அச்சின் குறையை வைத்தே பேயை வரவழைத்திருக்கிறார்.

மேகசின் என்டர்பிரைசஸ் மூடிய பின் பெயர் உரிமை காலாவதியானது. 1967இல் மார்வெல் அதே தோற்றத்தை, அதே டிக் ஏயர்ஸை வைத்தே, கார்ட்டர் ஸ்லேட் என்ற புது ஆளாகக் கொண்டுவந்தது. ஏழு இதழ்தான் வந்தது. பெயர் மோட்டார் சைக்கிள்காரருக்குப் போனதும் இவரை ‘நைட் ரைடர்’ என்றார்கள். வெள்ளை உடையில் வந்து கறுப்பின மக்களைத் தாக்கியவர்களையும் அமெரிக்காவில் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். பிறகு ‘ஃபேன்டம் ரைடர்’ ஆனது. மாற்றியது நல்லது.

ரெட் மாஸ்க் பற்றி?

டிம் ஹோல்ட் நிஜ சினிமா நடிகர், ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் கௌபாய் படங்களில் நடித்தவர். அவர் பேரில் வந்த காமிக்ஸில் 1950இல் அவருக்கே சிவப்பு முகமூடி போட்டுவிட்டார்கள். முகத்துக்காகவே விற்கும் ஒரு நடிகரின் முகத்தை மறைப்பது விசித்திரம்தான். ஆனால் 1952இல் அந்தப் படங்கள் நின்றன, 1954இல் இதழின் பெயரே ‘ரெட் மாஸ்க்’ ஆனது. நடிகர் போன பிறகும் முகமூடி நின்றது. ஃபிராங்க் போல் வரைந்தது.

இதேபோல சினிமாவிலிருந்து வந்தவர் டுராங்கோ கிட், சார்லஸ் ஸ்டாரெட் நடித்த பாத்திரம். காமிக்ஸ் 1949 முதல் 1955 வரை.

1954 தணிக்கை விதிகள் இவர்களை எப்படிப் பாதித்தன?

அந்த ஆண்டு அமெரிக்க செனட் துணைக்குழு காமிக்ஸ் பற்றி நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. அக்டோபரில் பதிப்பாளர்கள் தாங்களே ‘காமிக்ஸ் கோட்’ என்ற விதித் தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். பேய், ரத்தக்காட்டேரி, நடமாடும் பிணம், சித்திரவதை எல்லாவற்றுக்கும் தடை. போலீஸ், நீதிபதிகள் மேல் மதிப்புக் குறையும்படி எதுவும் காட்டக் கூடாது. குற்றவாளி மேல் பரிதாபம் வரக் கூடாது.

கோஸ்ட் ரைடரின் பிழைப்பே பயமுறுத்துவது. அவருடைய தனி இதழ் அதே 1954இல் 14ஆம் எண்ணோடு நின்றது. மற்றவர்களுக்கு வேறு சிக்கல். ஷெரீப் நேர்மையானவர் என்றால் முகமூடிக்காரனுக்கு என்ன வேலை? அதற்குப் பிறகு வந்த கதைகளில் ஷெரீப்புகள் நல்லவர்களாகவும் கொஞ்சம் மெதுவானவர்களாகவும் இருப்பதைப் பார்க்கலாம். ரத்தம் குறைந்தது, துப்பாக்கியைத் தட்டிவிடும் சாகசம் கூடியது. டெல் நிறுவனம் மட்டும் தங்கள் இதழ்கள் ஏற்கெனவே சுத்தம் என்று சொல்லி அந்த விதிகளில் சேரவே இல்லை. லோன் ரேஞ்சர் முன்பிருந்தபடியே ஓடினார்.

இந்தக் கதைகளை இன்று குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

கூட உட்கார்ந்து படியுங்கள். டோன்டோ அறிவாளி, துணிச்சல்காரர், ரேஞ்சரைப் பலமுறை காப்பாற்றியவர். ஆனால் அவர் வாயில் வைத்திருக்கும் உடைந்த ஆங்கிலம் அவமானமானது. கோஸ்ட் ரைடருக்குத் துணையாக வரும் சீனப் பாத்திரம் சிங்-சாங் இன்னும் மோசம், பெயரிலிருந்தே தொடங்குகிறது. பூர்வகுடிகளைக் கூட்டமாகக் கத்திக்கொண்டு வருகிறவர்களாகவே காட்டும் பக்கங்கள் ஏராளம். தொலைக்காட்சியில் டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் கனடாவின் சிக்ஸ் நேஷன்ஸ் பகுதியைச் சேர்ந்த மோஹாக் இனத்தவர். அந்த வசனங்களைப் பேசியபடியே அந்தப் பாத்திரத்துக்கு அவர் கொண்டுவந்த கம்பீரத்தை நான் மதிக்கிறேன். நான் நேசிக்கும் கதைகளில் இந்தக் குறை இருக்கிறது என்பதை மூடி மறைக்க எனக்கு மனமில்லை.

முகமூடி போட்ட பெண்கள் உண்டா?

மிகக் குறைவு. ரெட் மாஸ்க் கதைகளில் வந்த பிளாக் ஃபேன்டம் என்ற பெண்ணுக்கு 1954இல் ஒரே ஒரு தனி இதழ் கிடைத்தது. திருந்திய கொள்ளைக்காரி. அவளிடம் நிறைய கதை இருந்தது, எழுத இடம் கொடுக்கவில்லை.

டெக்ஸ் வில்லரும் மாயாவியும் இதில் சேர்வார்களா?

சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழில் கௌபாய் கதை படித்த எல்லோரும் இதைக் கேட்பார்கள். நாம் இரவுக் கழுகு என்று அழைக்கும் டெக்ஸ் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். போனெல்லி எழுத கலெப்பினி வரைந்தார். லோன் ரேஞ்சரின் டெல் இதழும் அதே ஆண்டுதான். ஆனால் டெக்ஸ் முகத்தை மறைக்கிற ஆள் இல்லை. தொடக்கக் கதைகளில் சட்டம் தேடும் ஆளாக இருந்தபோதும் வெறும் முகத்தோடுதான் எதிரே வந்து நிற்பார்.

ராணி காமிக்ஸில் நாம் படித்த மாயாவிக்கு (ஆங்கிலத்தில் ‘ஃபேன்டம்’) முகமூடி, இடுப்பில் துப்பாக்கிகள், வெள்ளைக் குதிரை எல்லாம் உண்டு. 1936இல் வந்தவர். களம் காடு என்பதால் கௌபாய் கணக்கில் வரமாட்டார், ஆனால் லோன் ரேஞ்சரைப் பார்த்ததும் நமக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அவர் ஒரு காரணம்.

எங்கே தொடங்குவது? இலவசமாகப் படிக்க வழி உண்டா?

உண்டு, சட்டப்படியே. அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியான புத்தகங்களுக்கு 28ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். பல சிறிய பதிப்பாளர்கள் அதைச் செய்யவில்லை. அதனால் மேகசின் என்டர்பிரைசஸ் போன்ற நிறுவனங்களின் இதழ்கள் பலவும் பொதுச் சொத்தாகிவிட்டன. ‘டிஜிட்டல் காமிக் மியூசியம்’, ‘காமிக் புக் பிளஸ்’ தளங்களில் முழு இதழாகவே கிடைக்கும், பழைய விளம்பரங்களோடு. மார்வெல், டி.சி. நாயகர்கள் அப்படி இல்லை, அவற்றை வாங்கித்தான் படிக்க வேண்டும்.

முதலில் ‘கோஸ்ட் ரைடர்’ தொடக்க இதழ்கள், அப்புறம் ‘ரெட் மாஸ்க்’. கையில் காசு இருந்தால் வைல்டியின் அவுட்லா கிட். லோன் ரேஞ்சரில் டாம் கில் வரைந்த 1950களின் இதழ் எது கிடைத்தாலும் சரி.

கிளேட்டன் மூரின் முகமூடியை நீதிமன்றம் கழற்றச் சொன்னது உண்மையா?

உண்மைதான். தொடர் முடிந்து பல ஆண்டுகளான பிறகும் மூர் அதே உடையில் குழந்தைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். உரிமை வைத்திருந்த நிறுவனம் புதுப் படம் எடுக்கத் திட்டமிட்டிருந்தது. பொது இடங்களில் அவர் லோன் ரேஞ்சர் முகமூடி போடக் கூடாது என்று 1979இல் நீதிமன்றத்தில் ஆணை வாங்கியது. அவருக்கு அப்போது வயது 64.

மூர் உடையை விடவில்லை. முகமூடியின் வடிவத்துக்குக் கிட்டத்தட்ட வரும் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு நிகழ்ச்சிகளுக்குப் போனார். மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள், ஆதரவாகக் கடிதங்கள் எழுதினார்கள். சில ஆண்டுகளில் தடை விலகியது. மறுபடி கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டார். 1999 டிசம்பரில் அவர் இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது.